ஸ்டேண்டு இல்லாத சைக்கிள்

ஏன் தம்பி, ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது. ஒரு மோட்டார் வாங்குற காசைக் கொட்டிச் சைக்கிள் வாங்கினியே, அதுக்கு ஒரு ஸ்டேண்டு வெச்சுக் குடுக்கக் கடைக்காரனுக்கு மனசு வரலியா? ஞாயித்துக்கிழமை காலையில சுங்கை லாலாங் கோப்பிக் கடை அஞ்சடியில நீங்க கூட்டமா வந்து எறங்குறதைப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஒருத்தன் தூணுல சாய்க்கிறான். ஒருத்தன் சுவத்துல சாய்க்கிறான். இன்னொருத்தனுக்குத் தூண் மேலயும் நம்பிக்கை இல்ல, சுவர் மேலயும் நம்பிக்கை இல்ல. ஒரு கையில சைக்கிளப் புடிச்சுக்கிட்டே மறு கையால ரொட்டி சானாய் பிய்க்கிறான்.

கேட்டா, ஸ்டேண்டு போட்டா எடை கூடிரும் தாத்தாங்குற. கூடும்தான். நீ இப்ப எறக்கின மூணு ரொட்டிக்கும் ஒரு தே தாரிக்குக்கும் மட்டும் எடையே கிடையாது பாரு.

எங்க காலத்து ராலே சைக்கிள நீ பாத்திருக்க மாட்ட. பின்சக்கரத்தையே தரையில இருந்து தூக்கி நிறுத்துற ரெட்டைக்கால் ஸ்டேண்டு அதுல. அப்பா வேலை முடிஞ்சு வந்து லயத்து வாசல்ல வண்டிய நிறுத்துவாரு. நாங்க ஏறி உக்காந்து, நின்ன எடத்துலயே பினாங்கு வரைக்கும் மிதிச்சுட்டு வந்துருவோம். கேரியர்ல ஏறாத சாமான் கிடையாது. ஒட்டுப்பால் சாக்கு ஏறும், கோழிக் கூண்டு ஏறும், மாசமா இருக்கிற பொண்டாட்டி ஏறுவா. சைக்கிளுக்கு லைசன்ஸ் தகடு இருக்கணும். ராத்திரி லைட் எரியலைன்னா சம்மன். இத்தனையும் சுமந்துக்கிட்டு அந்த வண்டி ஓடும். ஆனா தெரிஞ்ச முகம் எதுக்க வந்தா நிக்கும். சாவு வீட்டைத் தாண்டும்போது நிக்கும். ஒண்ணுமே இல்லாட்டியும், வெயிலுக்கு ஒரு மரத்தைக் கண்டா நிக்கும். உன் வண்டிக்கு ஓடத்தான் தெரியும். நிக்கச் சொல்லிக் குடுக்கல.

சரி, அதை விடு. டென்மார்க் போறியாமே? கடையில பேசிக்கிட்டாங்க. நல்லாப் போய்ட்டு வா. சமதரையான ஊரு, காத்து குளுகுளுன்னு இருக்கும், பச்சை வயலு, நடுவுல நடுவுல பழைய கோட்டை, பழைய தேவாலயம், பழைய கல்லு. அந்த நாட்டுல இருக்கிறதுலயே உசந்த மேடு 171 மீட்டராம். நம்ம ஜெராய் மலை 1,217 மீட்டர். அவங்க மேட்டை ஏழு தடவை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினாலும் ஜெராய் உச்சிக்குக் கை எட்டாது. குரூண்ல இருந்து ஜெராய் ரோட்டுல ஏறி, பாதியில வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தவன் நீ. உனக்கு டென்மார்க்கு தோதான நாடுதான். நான் தடுக்கல.

அங்க ஜெல்லிங்னு ஒரு சின்ன ஊரு இருக்கு. கண்டிப்பாப் போயிரு. ரெண்டு கல்லு நட்டு வெச்சிருக்கான். ஒண்ணு, கோர்ம்னு ஒரு ராஜா பொண்டாட்டி நெனப்புல வெச்சது. இன்னொண்ணு, அவன் மகன் ஹரால்டு அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் சேத்து, 965 வாக்குல வெச்சது. அந்த ஹரால்டுக்குப் பட்டப்பேரு என்ன தெரியுமா? ப்ளூடூத். ஆமா, உன் காதுல குத்தி வெச்சிருக்கியே, அதுக்கு அவன் பேரத்தான் வெச்சிருக்கான். நம்ம ராஜராஜன் தஞ்சாவூர்ல பட்டம் ஏறினது 985. ஏறக்கொறைய அந்த வருஷத்துலதான் ஹரால்டு கண்ணை மூடினது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி செத்த ராஜாவைக் காதுல மாட்டிக்கிட்டு, நீ குத்துப்பாட்டு கேட்டுக்கிட்டுப் போற. நடக்கட்டும்.

அந்தக் கல்லு மேல 2011ல ஒரு பொடியன் சாயத்தை அடிச்சு விட்டான். ஊரே கொதிச்சுப் போச்சு. அதே வருஷம் ரெண்டு கல்லுக்கும் கண்ணாடிக் கூண்டு போட்டு, உள்ள வெயிலும் குளிரும் கூட அளவா இருக்கிற மாதிரி செஞ்சுட்டான். அந்த ஊரு வழியா ஒரு பழைய பாதை போகுது. ஒரு காலத்துல படைங்க போன வழி, மாட்டை ஆயிரக்கணக்குல ஜெர்மனிப் பக்கம் ஓட்டிக்கிட்டுப் போன வழி. இப்ப அதைச் சைக்கிள் பாதையாக்கி, நம்பர் குடுத்து, பலகை நட்டு வெச்சிருக்கான். அதுல போறவன் ஜெல்லிங்ல எறங்குறான், கல்லைப் பாக்குறான், ஒரு கோப்பி குடிக்கிறான், அந்த ஊருக்காரனுக்கு நாலு காசு சேருது. டேனிஷ்காரன் விவரமான ஆளு. 1620லயே நம்ம தரங்கம்பாடிக்கு மிளகு வாங்கக் கப்பல்ல வந்து எறங்கி, கோட்டை கட்டி, 225 வருஷம் உக்காந்துட்டு, 1845ல வெள்ளைக்காரன்கிட்ட வித்துக் காசாக்கிட்டுப் போனவனாச்சே.

இப்ப என் கேள்விக்கு வா. படை போன ரோடு, ஆயிரம் வருஷத்துக் கல்லு, சமதரை, பச்சை வயலு. இதையெல்லாம் பாக்கத்தானே கப்பலேறாத கொறையாப் போற? இந்த அஞ்சடிய விட்டு எறங்கி வலது பக்கம் திரும்பிப் பீடோங் பக்கம் மிதிச்சா அத்தனையும் இருக்கே! நீ வாரா வாரம் அந்தப் பக்கம்தான போற? என்ன பாத்தன்னு கேட்டா, சராசரி வேகம் முப்பத்தொண்ணுங்குற.

முதல்ல உன் சக்கரத்துக்கு அடியில இருக்கிற ரோட்டைப் பத்திச் சொல்றேன். 1941 டிசம்பர் 8ஆந்தேதி சுங்கைப்பட்டாணி விமானத் தளத்து மேல ஜப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்த சில நாள்ல ஜித்ரா போச்சு, அலோர் ஸ்டார் போச்சு, குரூண் போச்சு. அப்புறம் இதே பெரிய ரோட்டுல தெக்க எறங்கி வந்தான். எதுல வந்தான்? சைக்கிள்ல. வெள்ளைக்காரன் பீரங்கியையும் லோரியையும் நம்பிக்கிட்டு இருந்தான். பாலத்தை ஒடச்சுட்டா எதிரி நின்னுருவான்னு கணக்குப் போட்டான். ஜப்பான்காரன் சைக்கிளத் தோள்ல தூக்கிக்கிட்டு ஆத்துல எறங்கி அக்கரைக்குப் போய்ட்டான். டயர் வெடிச்சா வெறும் ரிம்முலயே ஓட்டினான். ராத்திரியில அந்தக் கடகடாச் சத்தத்தக் கேட்டு, டாங்கிதான் வருதுன்னு பயந்து ஓடினவங்களும் உண்டாம். பார்ட்ஸுக்கும் பஞ்சமில்ல. சண்டைக்கு முந்தியே ஜப்பான் சைக்கிள் இங்க கடைகடையா வித்ததாச்சே! பத்தலைன்னா சனங்க சைக்கிளப் புடுங்கிக்கிட்டான். எழுபது நாள் ஆகல, 1942 பிப்ரவரி 15ல சிங்கப்பூரே கையில வந்துருச்சு.

அவன் போன வேகத்துக்கு நீ இன்னும் ஆயுசு பூராவும் பழகணும் தம்பி. ஆனா ஒண்ணு. வேகமா வந்தவன் யாரும் நல்லதுக்கு வரல. அவன் வந்த பெறகு இந்தத் தோட்டங்கள்ல இருந்து எத்தனை பேரச் சயாம் மரண ரயில் பாதைக்கு அள்ளிக்கிட்டுப் போனான், அதுல எத்தனை பேரு திரும்பல, அந்தக் கணக்கை இங்க உள்ள பழைய குடும்பங்கள்ல கேட்டுப் பாரு. கேக்கணும்னா நிக்கணும்.

பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டம் இருக்கே, பேரு கேள்விப்பட்டிருப்ப. அமெரிக்காவுல இருக்கிற காலேஜ்னு நெனச்சியா? நம்ம சனங்க பால் வெட்டின தோட்டம். 1947ல கள்ளுக்கடைய மூடச் சொல்லித் தொண்டர் படை கிளம்பினது, வேலைநிறுத்தம் வெடிச்சது, போலீஸ் தடியெடுத்தது, ரத்தம் சிந்தினது எல்லாம் அந்த வட்டாரம்தான். இப்ப பால்மரம் போய்ச் செம்பனை வந்துருச்சு, லயம் போய்த் தாமான் வந்துருச்சு. நடுவுல ஒரு மாரியம்மன் மட்டும் எடத்தை விட்டுக் குடுக்காம உக்காந்திருப்பா. அவளுக்கு எதுத்தாப்புல நீ செய்யுறது என்ன? சீட்டு மேல இருந்தே ஒரு கையத் தூக்கி நெத்தியத் தொட்டுக்கிற. அவ ஒண்ணும் டோல் கவுண்டர்ல உக்காந்திருக்கல.

பீடோங்ல இடது பக்கம் செமிலிங் ரோட்டுல திரும்பிட்டீன்னா, அங்கிருந்து மெர்போக் வரைக்கும் வலது கைப்பக்கம் ஜெராய் கூடவே வரும். அந்தக் காலத்துல வங்கக் கடலைத் தாண்டி வந்த கப்பல்காரனுக்கு முதல்ல கண்ணுல பட்டது அந்த மலைதான். அதைப் பாத்து வழி புடிச்சு மெர்போக் ஆத்துல நுழைஞ்சான். சீனத்துல இருந்து யி சிங்னு ஒரு புத்த பிக்கு, 671ல கிளம்பினவரு, நாலந்தாவுக்குப் போற வழியில இங்க தங்கிக் காத்து திரும்புறதுக்காகக் காத்திருந்தாரு. காத்திருந்தாரு தம்பி. எதுத்த காத்து அடிக்குதுன்னு கோப்பிக் கடை வாசல்ல நின்னு புலம்பல.

செமிலிங் பக்கம்தான் சுங்கை பத்து. 2009ல இருந்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து ஆளுங்க செம்பனைக்கு அடியில தோண்டிப் பாத்தா, இரும்பு உருக்கின உலை, ஊதுகுழாய்க் குவியலு, கப்பலைக் கட்டிப் போட்ட துறை, செங்கல் மேடைன்னு வந்துக்கிட்டே இருக்கு. உன்னோட வண்டியில இரும்பே கிடையாது, எல்லாம் கார்பனுன்னு பெருமையாச் சொல்லுவியே, இரும்பு காய்ச்சி ஊரு ஊருக்கு அனுப்பின எடத்தைத்தான் நீ முப்பத்தொண்ணுல தாண்டிப் போற.

இதே சுங்கை பத்து வட்டாரத்துல இன்னொரு கதையும் இருக்கு. அதைச் சொல்லும்போது எனக்குக் கேலி வராது. சண்டி 11னு ஆராய்ச்சிக்காரங்க நம்பர் போட்ட ஒரு பழைய கோயிலு. ஆயிரம் வருஷத்துக்கு மேல இருந்த அடித்தளம். தனியார் நெலத்துல கிடந்துச்சு, காக்க வேண்டிய எடம்னு அரசாங்கப் பதிவுல ஏறல. 2013ல வீடு கட்டுறதுக்காக நெலத்தைத் துப்புரவு பண்ணினாங்க. புல்டோசர் போச்சு, கோயிலும் போச்சு. டிசம்பர் மாசம் பேப்பர்ல வந்த பெறகுதான் ஊருக்கே தெரியும். கட்டுறவங்க, இங்க இப்படி ஒண்ணு இருந்ததே எங்களுக்குத் தெரியாதுன்னாங்க. அதிகாரிங்க, அது தனியார் நெலம்னாங்க. நம்ம ஆளுங்க ஐயோன்னாங்க, கூட்டம் போட்டாங்க, அறிக்கை விட்டாங்க, கலைஞ்சு போனாங்க. அங்க 2011ல கல்லுக்குக் கண்ணாடிக் கூண்டு, இங்க 2013ல கோயிலுக்குப் புல்டோசர்.

நீ உடனே யாரையாவது திட்டக் கிளம்பிருவ. கொஞ்சம் பொறு. அந்த மிஷின் ஓட்டினவன் எடத்துல உக்காந்து யோசி. காலையில வரான். சுத்திப் புதரு. மனுஷன் நடந்த தடம் இல்ல, ஒரு பலகை இல்ல, ஒரு ஊதுவத்திக் குச்சி இல்ல. அவனுக்கு அது கல்லுக் குவியலு. வாராவாரம் பத்து சைக்கிள் அங்க சாஞ்சு கிடந்து, பத்து பேரு உக்காந்து நாசி லெமாக் பிரிச்சுக்கிட்டு இருந்திருந்தா? மிஷின அணைச்சுட்டு, இது என்ன எடம்னு கேட்டிருப்பான். கேட்டிருந்தா முதலாளிக்குப் போன் போயிருக்கும், பேப்பருக்குப் போயிருக்கும், கோயில் போறதுக்கு முந்தியே ஊருக்குத் தெரிஞ்சிருக்கும். சட்டம் வந்து காப்பாத்தும்னு பாத்தா, சட்டத்துக்கும் ஒருத்தன் போய்ச் சொல்லணும். ஆளு நிக்காத எடம் நிலைக்காது தம்பி. ஸ்டேண்டு, ஸ்டேண்டுன்னு இந்தக் கிழவன் அரிச்சு எடுக்குறது அதுக்குத்தான்.

மெர்போக் வந்ததும் மலைப் பக்கம் திரும்பிக் கொஞ்சம் ஏறினா அருங்காட்சியகம். உன் செயலியில அதை வண்டி திருப்புற எடம்னு குறிச்சு வெச்சிருக்க. கேட்டுக்கு முன்னால ஒரு வட்டம் போட்டுட்டுக் கிளம்பிருவ. அடுத்த தடவை கேட்டைத் தாண்டு. உள்ள இருக்கிற சில கோயிலுங்க அங்க பொறந்தது இல்ல. பெண்டியாட் குன்று, பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங்குன்னு வேற வேற எடத்துல கிடந்ததைக் கல்லு கல்லாப் பிரிச்சுக் கொண்டாந்து மறுபடியும் அடுக்கி வெச்சிருக்காங்க. கோயிலே எடம் பேந்து உன்னைப் பாக்க வந்திருக்கு. நீ காலைத் தரையில வெக்க யோசிக்கிற.

பொறந்த எடத்துலயே இருக்கிறது புக்கிட் பத்து பஹாட் கோயிலு. குவாரிச் வேல்ஸ்னு ஒரு வெள்ளைக்காரரும் அவரு சம்சாரமும் 1936லயும் 37லயும் தோண்டினாங்க. 1960 வாக்குல அலஸ்டர் லாம்ப் அதைத் திருப்பி நிறுத்தினாரு. பக்கத்துலயே ஓடை எறங்கி ஓடும். கருங்கல்லைச் செதுக்கி அடுக்கின மேடை. முன்னால மண்டபம், பின்னால கருவறை. கொஞ்சம் குனிஞ்சு பாரு, தூண் நின்ன எடத்துல அடிக்கல்லு மட்டும் வரிசையா இருக்கும். மேல மரத்தூணு நின்னு, அதுக்கு மேல மரமோ ஓலையோ வேஞ்சிருக்கணும். மரம் மண்ணாப் போச்சு, கல்லு நிக்குது. லாம்ப் தோண்டினப்போ அஸ்திவாரத்துல கல்லுப் பேழைங்க கெடச்சுது. சாமி சிலை வெக்கிறதுக்கு முந்தியே, யாரும் பாக்காத எடத்துல பொன்னும் மணியும் வெச்சுப் பொதச்சிருக்கான் கட்டினவன். நீ ஒரு மேட்டுல ஏறினாலே போட்டோ புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்புற.

அங்க நின்னுக்கிட்டு மாரைத் தட்டி, கடாரம் கொண்ட பரம்பரை நாங்கன்னு கத்தாத. உன் சட்டை முதுகுல அப்படித்தான் அச்சடிச்சிருக்க. கதைய முழுசாக் கேளு. கடாரம்னா நம்ம கெடாதான். அந்தக் கடாரத்து ராஜா நாகப்பட்டினத்துல ஒரு புத்த விகாரை கட்டினாரு. ராஜராஜன் அதுக்கு ஆனைமங்கலம்னு ஒரு ஊரையே எழுதி வெச்சாரு. ஹாலந்து நாட்டு லெய்டனுக்குப் போன செப்பேட்டுல அது இன்னும் இருக்கு. அப்பன் ஊரு குடுத்தாரு. இருபது வருஷம் போகல, 1025ல மகன் ராஜேந்திரன் அதே கடாரத்து மேல படையோட கப்பல் அனுப்பினாரு. ஊரு குடுத்ததும் நம்ம ஆளுதான், ஊரை அடிச்சதும் நம்ம ஆளுதான். இந்தக் கோயிலக் கட்டினதுல உள்ளூர்க்காரன் வேர்வை எவ்வளவு, வந்த வியாபாரி காசு எவ்வளவுன்னு படிச்சவங்களே இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க. நீ முதுகுல அச்சடிச்சு முடிவு சொல்லாத. ஆனா ராஜேந்திரன் ஆளுங்களப் பத்தி ஒண்ணு மட்டும் சொல்லுவேன். இவ்வளவு தூரம் வந்தானுங்க, எறங்கினானுங்க. எறங்காமப் போயிருந்தா அவருக்குக் கடாரம் கொண்டான்னு இல்ல, கடாரம் கடந்தான்னுதான் பேரு நின்னிருக்கும். அந்தப் பட்டத்தை வேணும்னா உனக்குத் தரலாம்.

இப்ப புத்தி சொல்றேன், குறிச்சுக்க. வெடிஞ்சதும் கிளம்பு, பத்து மணிக்கு மேல சடக்குல வெயிலு உன்னையக் காய்ச்சிரும். முதுகுப் பையில ஒரு சோடி சிலிப்பர் வெச்சுக்க. உன்னோட இரும்பு ஆணிச் சப்பாத்தைப் போட்டுக்கிட்டு ஈரக் கல்லுல ஏறினா வழுக்கி விழுந்து, ஆராய்ச்சிக்காரங்களுக்கு இன்னொரு எலும்புக்கூடாத்தான் கெடைப்ப. செம்பனை லோரிக்குப் பின்னால ஒட்டிப் போகாத. கொலை குலுங்கி முள்ளு சிந்தும், உன் டயருக்கு அது ஒண்ணு போதும். தோட்டத்து நாய் தொரத்தினா மிதிக்காத. எறங்கி நில்லு. ஓடுறவனைத்தான் தொரத்தும். நிக்கிறவன்கிட்ட அதுக்கும் பேச்சு இல்ல. தெம்பு இருந்தா மெர்போக்ல இருந்து தஞ்சோங் டாவாய் வரைக்கும் போய் நெத்திலி வாங்கிக்க. வீட்டுல பாதி நாளு எங்க போனன்னு கேட்டா, கருவாட்டு வாசமே பதில் சொல்லும்.

அருங்காட்சியகத்துல பேரெழுதுற நோட்டு இருந்தா, கூட வந்த எல்லாரும் தனித்தனியா எழுதுங்க. ஒருத்தன் எழுதிட்டு 'மற்றும் நண்பர்கள்'னு போடாத. ஆபீஸ்ல உக்காந்து ஒதுக்கீடு போடுறவனுக்கு யி சிங்கும் தெரியாது, ராஜேந்திரனும் தெரியாது, தலைக்கணக்கு தெரியும். ஊரு பேரு கேட்டா சுங்கை லாலாங்னு தெளிவா எழுது. அப்புறம் அந்தச் சைக்கிள் கடைக்காரன்கிட்ட போய் ஸ்டேண்டு கேளு. இந்த வண்டிக்கு அது வராதுன்னுதான் சொல்லுவான். அப்ப ஒரு கவட்டைக் கம்பு வெட்டிக்க. செம்பனைக்குள்ள அது கெடைக்காது, மெர்போக் தாண்டி எந்தக் கம்பத்துல கேட்டாலும் ஓசியிலயே குடுப்பான்.